பொய் வாக்குமூலமும் மெய் வாக்குமூலமும்

அரபுக் கல்லூரிகளின் மேல்வகுப்புகளில் ஃபிக்ஹுப் பாடத்தில் ‘இக்ரார்’ என்னும் பகுதி வரும்போது, மாணவர்கள் தவறாமல் எழுப்பும் வினா ஒன்றுண்டு. தானே செய்ததாக ஒருவன் ஒப்புக்கொண்ட பின்னர் வேறு சாட்சியம் எதற்கு? செய்யாத கொலையைச் செய்தேன் என்று சொல்லித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள எவன் முன்வருவான்? நாமும் பல்லாண்டுகளாக நூல்களில் உள்ளவாறே இதற்கு விடை கூறி வந்தோம். பின்னர் ஒரு நாள், நம்மிடம் ஓதிச் சட்டக் கல்லூரிக்குச் சென்ற மாணவர் ஒருவர் ஒரு குறுந்தகட்டைக் கொணர்ந்து, “ஹஸ்ரத், இக்ரார் பாடத்துக்கு இதுவும் ஒரு ஷரஹ்தான்” என்று சொல்லித் தந்துவிட்டுப் போனார். திரைப்படங்களைக் குறித்து எழுதும் வழக்கம் நமக்கில்லை. எனினும் அந்தப் படமும், அதனைத் தொடர்ந்து நாம் தேடிப் படித்த வழக்கு வரலாறும் நம்மை எழுத வைத்துவிட்டன.

‘தந்தையின் பெயரால்’ எனப் பொருள்படும் ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ 1993இல் வெளிவந்த படம். இயக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜிம் ஷெரிடன். ஜெரி கான்லன் என்பார் 1990இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் அதற்கு அடிப்படை. மகன் ஜெரியாக டேனியல் டே-லூயிஸும், தந்தை ஜுசெப்பேயாகப் பீட் போஸ்ல்த்வெய்ட்டும் நடித்துள்ளனர். 1994ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற இப்படம், ஆஸ்கருக்கு ஏழு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் பெறாமல் திரும்பியது. படம் வந்த காலத்தில் பிரிட்டன் ஏடுகள் அது வரலாற்றைத் திரித்துவிட்டதாகக் குறை கூறின. திரித்தது உண்மையே. ஆனால் வழக்கைப் படித்தபின் நமக்குத் தோன்றியது வேறு: இந்தப் படம் கூட்டிச் சொன்னவற்றைக் காட்டிலும் குறைத்துச் சொன்னதே பெரிது.

நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். 1974 அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கில்ஃபோர்டு என்னும் ஊரில், படைவீரர்கள் கூடும் இரண்டு மதுக்கூடங்களில் வெடிகுண்டுகள் வெடித்தன. முதலாவதில் ஐவர் மாண்டனர். அவர்களுள் நால்வர் இளம் படையினர், அந்நால்வருள் இருவர் பெண்கள். ஐந்தாமவர் படையைச் சேராத குடிமகன். காயமுற்றோர் 65 பேர். நவம்பர் 7 அன்று லண்டனின் வூலிச் பகுதியில் இன்னொரு மதுக்கூடத்தில் குண்டு வெடித்து இருவர் இறந்தனர். நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாம் நகரில் 21 பேர் கொல்லப்பட்டனர். வட அயர்லாந்தைப் பிரிட்டனிலிருந்து பிரிக்கப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படையின் செயல்கள் இவை. குண்டுவைத்தவர்களை அன்று ஒருவரும் அறியார். மக்களின் சினமோ எல்லை கடந்தது. பர்மிங்ஹாம் நிகழ்ச்சிக்கு எட்டாம் நாள், நவம்பர் 29 அன்று, பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐயத்தின் பேரில் பிடித்தவரைக் குற்றச்சாட்டு ஏதுமின்றி ஏழு நாள்வரை காவலில் வைத்திருக்க அச்சட்டம் வழிவகுத்தது.

அந்த ஏழு நாள்களில்தான் அனைத்தும் நிகழ்ந்தன. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த பால் ஹில் நவம்பர் 28 அன்று பிடிபட்டார். அவரிடம் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டு, நவம்பர் 30 அன்று பெல்ஃபாஸ்டில் தாய் வீட்டிலிருந்த ஜெரி கான்லன் பிடிபட்டார். பின்னர் பேடி ஆம்ஸ்ட்ராங்கும், அவருடைய தோழியான கேரல் ரிச்சர்ட்சனும். கேரல் ஐரிஷ் பெண்ணே அல்லள். 17 வயது நிரம்பிய ஆங்கிலேயச் சிறுமி. இந்நால்வரும் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சிறு திருட்டு, போதைப்பொருள், கைவிடப்பட்ட வீடுகளில் தங்கித் திரிதல் என்று வாழ்ந்தவர்கள். கான்லன் தம் நூலில் இவற்றை மறைக்கவில்லை. இத்தகையோர் மீது எதனைச் சொன்னாலும் ஊர் நம்பும் என்பது நாம் அறியாததா?

நால்வரும் காவலில் கையெழுத்திட்டனர். அடித்தார்கள், அச்சுறுத்தினார்கள் என்று அவர்கள் பின்னர் கூறினர், காவலர் மறுத்தனர். படத்தில், உன் தந்தையைக் கொன்றுவிடுவோம் என்று காவலர் ஒருவர் காதில் சொன்னபின் ஜெரி நொறுங்கிப் போகிறார். நூலில் கான்லன் சொல்வதோ தாய்க்கும் சகோதரிக்கும் விடுக்கப்பட்ட மிரட்டல். தந்தை–மகன் கதையாக அமைக்க வேண்டி இயக்குநர் அதனை மாற்றிவிட்டார்.

1975 செப்டம்பரில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கியது. அரசுத் தரப்பிடம் இருந்த சான்று யாது? கைரேகை இல்லை. வெடிமருந்தின் தடயம் இல்லை. கில்ஃபோர்டு மதுக்கூடத்தில் இவர்களைக் கண்டதாக அடையாளம் காட்டியவர் ஒருவரும் இல்லர். இருந்தவை வாக்குமூலத் தாள்கள் மட்டுமே. அத்தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. யார் உடன் வந்தார், யார் என்ன செய்தார் என்பதில் முரண்பாடுகள் மலிந்திருந்தன. விசாரணையைக் குழப்புவதற்கென்றே வேண்டுமென்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள் என்று அரசுத் தரப்பு அதற்கும் விளக்கம் தந்தது. கேரல் அன்றிரவு லண்டனில் ஓர் இசைநிகழ்ச்சியில் இருந்தார், கண்டவர் உண்டு. காரை விரைந்து ஓட்டியிருந்தால் குண்டை வைத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்று வாதிட்டனர். பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் சூழ்ச்சி என்று கொண்டுவிட்டால் எந்த ஓலையும் எவரையும் தூக்கிலேற்றப் போதுமன்றோ. அக்டோபர் 22 அன்று நால்வருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இவர்கள் மீது இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்படவில்லையே, சாட்டியிருந்தால் மரண தண்டனை விதித்திருக்கலாமே என நீதிபதி டொனால்ட்சன் வருத்தமும் தெரிவித்தார். படத்தில் இக்காட்சி வரும்போது மிகைப்படுத்தலோ என்று நினைத்தோம். பதிவில் அவ்வாறே உள்ளது.

இவ்விடத்தில் சற்று நின்று, நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். காவலர் முன் தரப்பட்ட வாக்குமூலத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு ஆங்கிலேயர் நூறாண்டுகளுக்கு முன்னரே விடை கண்டிருந்தனர். அதை அவர்கள் கண்ட இடம் சென்னை மாகாணம். 1854இல் இங்கே சித்திரவதைகளை ஆராய மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1855இல் அறிக்கை வெளிவந்தது. வரி தண்டும் ஊழியரும் காவல் ஊழியரும் மக்களை வதைத்த முறைகள் அதில் தமிழ்ப் பெயர்களுடனேயே இடம்பெற்றுள்ளன. விரல்களை மரக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, தலையைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டும் ‘அண்ணாந்தாள்’ முதலியன அவை. ஆறாண்டுகள் கழிந்து, 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று விதித்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அது நிலைபெற்றது; அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆளப்பட்ட நாட்டின் காவலரை நம்பாத அதே ஆங்கிலேயர், தம் நாட்டில் இத்தகைய முழுத்தடையை விதித்துக்கொள்ளவில்லை. தாமே விரும்பித் தந்த வாக்குமூலம் என்று நீதிமன்றம் கருதினால் அது செல்லும். வேறு சான்றின்றி அதனைக் கொண்டே தண்டிக்கவும் செய்யலாம். விரும்பித் தந்ததா என்பதற்குச் சாட்சி காவலர். ஆக, தஞ்சாவூர்க் குடியானவனுக்கு ஏட்டளவிலாவது கிடைத்த காப்பு சர்ரே மாவட்டக் காவலரிடம் பிடிபட்ட பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

நம் முன்னோர் நூல்களிலும் இவ்வினா பேசப்பட்டதே. நிர்ப்பந்தத்தால், அதாவது ‘இக்ராஹ்’ நிலையில் பெறப்பட்ட இக்ரார் செல்லாது என்பது இமாம்களில் பெரும்பாலோரின் முடிவு. பசியாலோ அச்சத்தாலோ சிறையாலோ வருந்துபவன் தனக்கெதிராகவே பேசிவிடக் கூடும் என்னும் கருத்து கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. தாமே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களிடமிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பன்முறை முகத்தைத் திருப்பிக்கொண்டதும், அவர் சித்தம் தெளிவாயிருக்கிறாரா என விசாரித்ததும் மாணவர் அறிந்த செய்திகளே. எனினும் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் ‘சியாஸா’ நூல்களை எழுதியோருள் சிலர், கெட்ட பெயரெடுத்த சந்தேகத்துக்குரியவனை அடித்து விசாரிக்கலாம் என்று இடம் கொடுத்தனர். அரசாட்சியின் அருகில் அமர்ந்தவர்க்கு நேரும் தளர்ச்சி அது. கெட்ட பெயரெடுத்தவன் என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் கான்லனும் ஹில்லும் அடங்கிவிடுவர்.

இந்தியாவிலும் 25ஆம் பிரிவின் காப்பு என்றும் எல்லார்க்கும் இருந்ததில்லை. 1987ஆம் ஆண்டின் தடா சட்டமும் 2002ஆம் ஆண்டின் பொடா சட்டமும், உயர் காவல் அதிகாரி முன் தந்த வாக்குமூலம் செல்லும் என்று அக்காப்பை விலக்கின. அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடா வாக்குமூலங்களைச் சார்ந்து தண்டிக்கப்பட்ட ஆறு பேரை, 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. அவர்களுள் மூவர் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள்.

கில்ஃபோர்டுக்குத் திரும்புவோம். மகன் பிடிபட்ட செய்தி கேட்டு, வழக்கறிஞரை அமர்த்துவதற்காகத் தந்தை ஜுசெப்பே கான்லன் பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டனுக்கு வந்தார். நுரையீரல் நோயாளி. தம் மனைவியின் சகோதரர் வீட்டில், அதாவது ஜெரியின் தாய்மாமன் வீட்டில் தங்கினார். அன்றிரவே, 1974 டிசம்பர் 3 அன்று, அவ்வீட்டிலிருந்தோர் பிடிக்கப்பட்டனர். ஜெரியின் மாமி ஆனி மகுவையரின் வீட்டு அடுக்களையே வெடிகுண்டுத் தொழிற்சாலையாகச் சித்திரிக்கப்பட்டது. கைகளில் நைட்ரோகிளிசரின் படிந்திருந்ததாகக் காட்டிய ஒரேயொரு வேதிச் சோதனையே சான்று. வீட்டில் வெடிமருந்து கண்டெடுக்கப்படவில்லை. 1976 மார்ச்சில் அதே நீதிபதி டொனால்ட்சன் முன் எழுவரும் தண்டனை பெற்றனர். ஆனிக்கும் அவர் கணவருக்கும் 14 ஆண்டு. ஜுசெப்பேக்கு 12 ஆண்டு. இளைய மகன் பேட்ரிக்குக்கு 4 ஆண்டு. பிடிபட்ட அன்று அந்தப் பிள்ளைக்கு வயது 13. மைத்துனன் வீட்டில் ஒரு பொழுது தங்கவந்த ஜுசெப்பே, 1980 ஜனவரியில் கைதியாகவே இறந்தார்.

தந்தையும் மகனும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகவும், பின் ஒரே சிறையறையில் வாழ்வதாகவும் படம் காட்டுகிறது. இரண்டும் நடக்கவில்லை. வழக்குகள் தனித்தனியே, ஓராண்டில் பாதிக்கால இடைவெளியில் நடந்தன. ஒரே சிறையில் சில காலம் இருந்ததுண்டு, ஒரே அறையில் இல்லை. காரத் பியர்ஸ் என்னும் பெண் வழக்கறிஞர் மேல்முறையீட்டு மன்றத்தில் எழுந்து முழங்குவதும் கற்பனை; அவர் மன்றத்தில் வாதாடும் வகை வழக்கறிஞர் அல்லர். அவர் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே, அலஸ்டேர் லோகன் என்னும் கில்ஃபோர்டு ஊர் வழக்கறிஞர், தம் ஊரில் குண்டுவைத்தவர்கள் என்று ஊரே வெறுத்தவர்களுக்காகப் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்தார். படத்தில் அவருக்கு இடமில்லை. கதைக்கு ஒரு வீராங்கனை போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும். இவையெல்லாம் திரைப்படக்காரர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உரிமை என்று நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதது ஒன்றுண்டு. படத்தில் உண்மைக் குற்றவாளியாக ஒருவன் சிறைக்குள் வருகிறான். குண்டுவைத்தவன் தானே என்றும், காவலரிடம் அதைச் சொல்லிவிட்டதாகவும் ஜுசெப்பேயிடமும் ஜெரியிடமும் கூறுகிறான். காட்சி முடிந்துவிடுகிறது. காவலரோடு புதைந்துபோன இரகசியம் என்றே பார்ப்பவர் எண்ணுவர். நடந்தது அப்படியன்று. நால்வரும் சிறையிலிருக்கையிலேயே, 1975 ஆகஸ்டில், அதே சர்ரே மாவட்டத்தில் கேட்டர்ஹாம் என்னும் ஊரின் மதுக்கூடத்தில் அதே வகையில் குண்டு வெடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் லண்டன் பால்கம் தெருவில் ஒரு வீட்டில் ஆறு நாள் முற்றுகைக்குப் பின் ஐரிஷ் குடியரசுப் படையினர் நால்வர் சரணடைந்தனர். கில்ஃபோர்டும் வூலிச்சும் எங்கள் வேலை, சிறையிலிருக்கும் நால்வரை எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் லோகனிடம் விவரித்துச் சொன்னார்கள். அவர்கள் மீது பதியப்பட்ட நீண்ட குற்றப்பட்டியலில் கில்ஃபோர்டும் வூலிச்சும் மட்டும் இல்லை. செய்யாத குற்றத்தைச் சுமத்துகிறார்கள் என்று முறையிடும் கைதிகளை உலகம் கண்டிருக்கிறது; செய்த குற்றத்தைச் சுமத்த மறுக்கிறார்கள் என்று கைதிகள் முறையிட்டதை அன்றுதான் கண்டது. 1977 ஜனவரியில் அவர்களுள் ஒருவரான ஜோ ஓ’கானல் திறந்த நீதிமன்றத்தில், கூண்டில் நின்றபடியே, நான்கு நிரபராதிகள் நெடுந்தண்டனை அனுபவிக்கிறார்கள் என்று அறிவித்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு மன்றம் கூடியது. ரோஸ்கில் பிரபு தலைமையில் மூன்று நீதிபதிகள். பால்கம் தெருக் குழுவினர் நேரில் வந்து சாட்சியம் அளித்தனர். அவர்கள் அக்குற்றங்களில் பங்குபெற்றிருக்கலாம் என்பதை நீதிபதிகள் ஏற்றனர். அதனால் முந்தைய நால்வரும் நிரபராதிகள் ஆகிவிட மாட்டார்கள், இரு சாராரும் சேர்ந்து செய்திருக்கலாம் என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். இதனைப் படித்துவிட்டு நாம் நெடுநேரம் நூலை மூடி வைத்திருந்தோம். அடைத்த அறையில், வழக்கறிஞர் உடனின்றி, ஏழு நாள் காவலில், அஞ்சிய இளையோர் சொன்னது உண்மை. திறந்த மன்றத்தில், எவர் தூண்டுதலுமின்றி, தமக்கு ஆதாயம் ஏதுமின்றி, உண்மையாகவே கொன்றவர்கள் சொன்னது சூழ்ச்சி. நம் மாணவர்களின் வினாவுக்கு வழக்குப் பதிவிலிருந்தே விடை வந்துவிட்டது: ஒப்புக்கொண்டால் போதும் என்பதை அந்த நீதிமன்றமே நம்பவில்லை. எந்த ஒப்புதல் தனக்கு வசதியோ அதனையே நம்பியது.

அந்த வசதி எத்தகையது என்பதை இன்னொரு வழக்கில் டென்னிங் பிரபு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்ட அறுவர், தம்மை அடித்த காவலர் மீது வழக்குத் தொடுத்தனர். 1980இல் அவர் அதனைத் தடுத்தார். இவர்கள் வென்றால் காவலர் பொய்ச்சத்தியமும் வன்முறையும் செய்தவர்கள் என்றாகும். அத்தகைய கொடுங்காட்சியை எண்ணிப் பார்க்கவும் இயலாது, ஆகவே வழக்கு மேலே செல்லலாகாது என்பது அவருடைய நியாயம். அறிவில் குறைந்தவர் அல்லர் அவர். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டத்தின் பெரும்புகழ் பெற்ற நீதிபதி. அந்த அறுவரும் 1991 மார்ச் 14 அன்று விடுதலை பெற்றனர்.

கில்ஃபோர்டு வழக்கு உடைந்தது ஒரு தட்டச்சுத் தாளால். கர்தினால் பேசில் ஹியூம், முன்னாள் நீதிபதிகளான டெவ்லின், ஸ்கார்மன் முதலியோரின் முயற்சியால் 1989 ஜனவரியில் வழக்கு மீண்டும் மேல்முறையீட்டு மன்றத்துக்கு அனுப்பப்பட்டது. வேறொரு மாவட்டத்துக் காவலர் பழைய கோப்புகளை ஆராய்ந்தபோது, ஆம்ஸ்ட்ராங்கின் விசாரணைக் குறிப்பின் தட்டச்சு வடிவம் கிடைத்தது. அதில் அடித்தும் திருத்தியும் கையால் எழுதப்பட்டிருந்தது. விசாரணை நடக்கும்போதே எழுதியவை என்று மன்றத்தில் சத்தியம் செய்து காட்டப்பட்ட கையெழுத்துக் குறிப்புகள், உண்மையில் இந்தத் திருத்தப்பட்ட வடிவத்தைப் பார்த்துப் பின்னர் எழுதப்பட்டவை. மேலும், அந்த இரவில் கான்லன் லண்டன் விடுதி அறையில் இருந்தார் என்று அவருடன் தங்கியிருந்த காய்கறிக்கடைப் பணியாளர் ஒருவர் 1975 தொடக்கத்திலேயே அளித்த வாக்குமூலம், எதிர்த்தரப்புக்குத் தரப்படாமலே கிடந்தது. படம் அவரைப் பூங்காவில் கிடக்கும் வீடற்ற முதியவராக மாற்றியிருக்கிறது. 1989 அக்டோபர் 19 அன்று, காவலர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி லேன் பிரபு கூறித் தீர்ப்பை ரத்துச் செய்தார். 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. காவலர் மூவர் மீது வழக்கு நடந்தது. 1993இல் மூவரும் விடுவிக்கப்பட்டனர்.

மகுவையர் குடும்பத்தின் தண்டனை 1991 ஜூனில் ரத்தாயிற்று. ஜுசெப்பேயின் பெயரும் அத்தீர்ப்பில் உண்டு. அவர் இறந்து பதினோராண்டு ஆகியிருந்தது. 2005 பிப்ரவரி 9 அன்று பிரதமர் டோனி பிளேர் இரு குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கோரினார். ஜுசெப்பேயின் மனைவி சாரா அதனைக் கேட்டு, மூன்றாண்டு கழித்து மறைந்தார். ஜெரி கான்லன் 2014 ஜூனில் காலமானார்.

கொல்லப்பட்ட ஐவரின் குடும்பங்களைப் படமும் அதிகம் நினைக்கவில்லை, அதைப் பற்றி எழுதியோரும் நினைக்கவில்லை. அவர்களின் மரண விசாரணை, குற்றவாளிகள் அகப்பட்டுவிட்டனர் என்ற காரணத்தால் 1970களில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மீண்டும் எடுக்கப்பட்டு அது முடிவுற்றது 2022 ஜூலையில். ஐவரும் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்பது முடிவு. கொன்றவர் யார் எனப் பெயரிட்டுச் சொல்லும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இல்லை. பால்கம் தெருக் குழுவினர் வேறு குற்றங்களுக்கான தண்டனையை அனுபவித்து, அயர்லாந்து அமைதி உடன்பாட்டின்படி 1999இல் விடுதலையாகிவிட்டனர். கில்ஃபோர்டுக் கொலைகளுக்காக அவர்கள் மீது ஒருநாளும் வழக்குத் தொடரப்படவில்லை.